போங்கு விசில்

செஞ்சி சம்மர் கேம்ப்பில் விளையாடிய யாரும் எதிலும் ஜெயித்ததில்லை, தோற்றதுமில்லை. நான் நாலு வருஷம் போனேன். கபடி, கோகோ, கயிறு இழுத்தல், கேரம் எல்லாமே டிராவில்தான் முடிந்தன. சாக்கு ஓட்டம்கூட டிரா. சாக்கு ஓட்டத்தில் டிரா ஆனதை வேறு எங்கேயாவது யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஓர் ஆள். பேரைச் சொல்லப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் எடுத்த ஆள், எனக்கு எதற்கு வம்பு. எதிரில் நாங்கள் அவரை 'சார்' என்போம். அந்தப் பக்கம் திரும்பியதும் 'போங்கு சார்'. வாத்தியார் இல்லை, பி.டி. மாஸ்டரும் இல்லை. பஸ் கண்டக்டர். செஞ்சியிலிருந்து வல்லம் வழியாகப் போகும் ஒரு பஸ்ஸில் வருஷம் முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டு, மே மாதம் பத்து நாள் லீவு போட்டு எங்கள் கேம்ப்புக்கு விசில் ஊத வந்துவிடுவார். விசில் சொந்த விசில்தான். பஸ்ஸில் ஊதுகிற அதே விசில். அதனால் எங்கள் கபடி இரண்டு விசிலில் கிளம்பும், ஒரு விசிலில் நிற்கும். சில நாள் பழக்க தோஷத்தில் "ரைட், ரைட்" என்றும் கத்திவிடுவார்.

கேம்ப் என்றதும் கூடாரம், குதிரை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இங்கிலீஷில் இருந்தது பேர் மட்டும்தான். ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி, ஜமக்காளம் விரித்து நடத்தினார்கள். காலையில் கூழ், மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் சுண்டல். ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு கோட்டை மலைகளுக்கு நடுவில், பாறை எல்லாம் தோசைக்கல்லாகக் காய்கிற மே மாதத்தில், எண்பது பிள்ளைகளை வெளியில் ஓடவிட வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ தெரியாது. ஆனால் எங்களுக்குப் பிடித்திருந்தது. என் ஊர் வல்லத்தில் இருந்தால் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, கழனியில் கல்லைக்கொட்டைச் செடியிலிருந்து கடலை ஆய வேண்டும்.

அவர் போங்கு செய்யும் விதம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். கயிறு இழுத்தலில், தோற்கிற பக்கத்துக்குக் கடைசியில் போய் நிற்பார். "கயிறு நைஞ்சி இருக்குதான்னு பாக்கறேன்" என்று கயிற்றைப் பிடிப்பார். பிடித்த கை விடாது. ஒல்லி உடம்புதான், ஆனால் முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை. சாக்கு ஓட்டத்தில் முதலில் வருகிறவன் பக்கத்தில் ஓடி வந்து, "டேய், உன் சாக்குல தேள் இருக்குது பார்றா" என்பார். அவன் சாக்கை உதறிவிட்டு அலறிக்கொண்டு குதிப்பான். அதற்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். தேளை யாரும் எந்த வருஷமும் பார்த்ததில்லை.

கபடிக்கு வேறு வழி வைத்திருந்தார். ஸ்கோரைப் பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். ஒரு பக்கம் ரொம்ப முன்னால் போய்விட்டால், இவர் களைத்துப் போனவர்போலச் சுவரில் சாய்வார். முதுகை இப்படி ஒரு தேய், அப்படி ஒரு தேய். திரும்பிப் பார்த்து, "அடடா, அயிஞ்சி போச்சே. எத்தினி இருந்துச்சு? சரி, சமம்னு வச்சிப்போம்" என்பார். காக்கிச் சட்டை முதுகில் எங்கள் ஸ்கோர் திருப்பிப் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "சார், உங்க முதுகுல பதினேழு பதினாலுன்னு இருக்குது சார்" என்று ஒரு முறை ஷமீமா காட்டிக் கொடுத்தாள். "அது நேத்து மேட்ச்சும்மா" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஷமீமா செஞ்சிக்காரி. அவர்கள் வீட்டில் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் கடை. கேம்ப்பில் எனக்கு எதிர் டீம் கேப்டன், படுப்பதற்குப் பக்கத்து ஜமக்காளம். பகலில் காலைப் பிடித்து இழுத்து மண்ணில் போடுவாள், சாயங்காலம் தன் சுண்டலில் பாதியை என் தட்டில் தள்ளுவாள். அவள் காட்டிக் கொடுத்த அந்தப் பதினேழு எங்கள் டீமுடையது. அதாவது தனக்கு எதிராகவே சாட்சி சொன்னாள். அவளுக்கும் அந்த ஆளின் போங்கு பொறுக்கவில்லை.

அதுதான் கடைசி வருஷத்து ஃபைனல். மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தேன். பரிசு ஒரு பிளாஸ்டிக் ஜக்கு, மூடியோடு. சமம் என்று ஆனதும் சார் ஜக்கை ஷமீமா டீமுக்கும் மூடியை எங்கள் டீமுக்கும் கொடுத்துவிட்டார். நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். "இன்னா இப்ப, கப்பலா கவுந்துடுச்சு? அவங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. போ, போய்க் கூழு குடி" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நைனா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடி இது?" பரிசு என்றேன். "மூடிய மட்டுமா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, அதைக் கழனிக்கு எடுத்துப் போய்த் தண்ணீர்ச் சொம்பை மூடி வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை.

பஸ்ஸிலும் அவர் அப்படித்தான். பஸ் கிளம்பும் நேரத்தில் தூரத்தில் யாராவது ஓடி வந்தால் ஒரு விசில். அந்த ஆள் ஏறிய பிறகு இன்னொருத்தர் ஓடி வருவார், இன்னொரு விசில். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்றைக்கு, ஒரு அம்மா வரப்பு மேல் ஓடி வருகிறது என்று பஸ்ஸை நிறுத்தி வைத்தார். "சார், கணக்குப் பரீச்ச சார், ரைட் குடுங்க சார்" என்று கெஞ்சினேன். "ஓடியார்றவங்களப் பாத்துக்கினே எப்பிடிம்மா ரைட் குடுக்கறது?" என்றார். அந்த அம்மா வந்து, படியில் கால் வைத்து, போர்டைப் படித்து, "ஐய, இது எங்க பஸ்ஸு இல்ல" என்று இறங்கிப் போய்விட்டது. நான் ஹாலுக்குள் கடைசி ஆளாகப் போனேன்.

இரக்க சுபாவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் இரக்கத்தால் யாருக்கு என்ன நன்மை? குணசேகரைக் கேளுங்கள். கேம்ப்பிலேயே குண்டான பையன் அவன். எட்டாம் நாள் எல்லோரையும் ராஜகிரி மேலே ஏற்றுவார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும் இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. வேகமாக ஏறியவர்களை எல்லாம் அங்கே ஒரு விசிலில் நிறுத்திவிடுவார். குணசேகர் வந்து சேரும்வரை ஒருத்தரும் பாலத்தைத் தாண்டக் கூடாது. கால் சுடும், குரங்கு பையைப் பிடுங்கும், நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். அவன் மூச்சிரைத்துக்கொண்டு கடைசிப் படியில் தலையைக் காட்டியதும், "வந்துட்டான் பாரு! எல்லாம் ஒண்ணாப் போலாம்!" என்று இவர் கைதட்டுவார். நாங்கள் தட்டமாட்டோம். கீழே இறங்கியதும் அவன் முதுகில்தான் தட்டுவோம்.

இந்தக் குணசேகர்தான் இப்போது ரீயூனியனுக்கு ஏற்பாடு செய்தான். மூன்று லாரி வைத்திருக்கிறான், எங்களில் யாரையும்விட ஒல்லியாக இருக்கிறான். வாட்ஸாப்பில் 'செஞ்சி சிங்கங்கள்' என்று ஒரு குரூப் ஆரம்பித்து, சனி ஞாயிறு இரண்டு நாள், அதே பள்ளிக்கூடம், அதே கூழ் என்று போட்டான். இருபத்தாறு சிங்கங்கள் வந்து இறங்கின. முட்டிக்கு உறை போட்ட சிங்கம், கூழில் சர்க்கரை ஏறுமா என்று டாக்டருக்குப் போன் போட்ட சிங்கம், ஜமக்காளத்தைப் பார்த்ததும் லாட்ஜில் ரூம் கிடைக்குமா என்று விசாரித்த சிங்கம். ஷமீமா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வலி மாத்திரை, தைலம், பேண்டேஜ் என்று ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தாள். "உங்களையெல்லாம் நெனச்சிதான் கொண்டாந்தேன்" என்றாள்.

சாரும் வந்தார். கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி. உடம்பு இன்னும் ஒல்லியாகி, சட்டை தனியாகவும் ஆள் தனியாகவும் தெரிந்தார். கழுத்தில் விசில். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். குணசேகர் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டான்: "சார், நீங்க என்ன உட்டுட்டுப் போயிருந்தா நான் பாட்டுக்குப் பாதி மலையில குந்தி மோர் குடிச்சிருப்பேன். உங்களால நாலு வருசம் அடி வாங்கனேன். தெரியுமா உங்களுக்கு?" சார் சிரித்தார். "தெரியும்டா. ஆனா மேல வந்தே இல்ல?" என்றார். குணசேகர் போய்க் கூழ் அண்டாவைக் கிளற ஆரம்பித்தான்.

சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தராக இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இது தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன். என் கதை இதுதான். சென்னையில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை. நாற்பது பேர் என் கீழே. எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை என்னை ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். இன்டர்வியூக்குப் போகும் இடத்திலெல்லாம் என் பிள்ளை வயசில் இருக்கிறவர்கள் "சொல்றோம் மேடம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நைனா இன்னும் வல்லம் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்ணுக்குக் கீழ நாப்பது பேரு வேல செய்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "ஆபீசு எப்பிடிப் போவுது?" என்று கேட்பார். நல்லாப் போவுது நைனா என்பேன்.

என் முறை வந்தது. "அதே கம்பெனிதான். ப்ரமோஷன் குடுத்துட்டாங்க. டென்ஷன் ஜாஸ்தி" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஷமீமா சத்தமாக விசிலடித்தாள். வேலை போன பிறகு ப்ரமோஷன் வாங்கியவள் அனேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூட்டம் கலைந்ததும் சார் என்னைக் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எப்பம்மா ஊருக்கு?" என்றார்.

"நாளைக்கே சார். திங்கக்கிழமை ஆபீசு."

"லீவு போட முடியாதா?"

"எங்க சார், என்ன உட்டா அங்க ஒரு வேலயும் ஓடாது."

"ம்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், பெண்களுக்குக் கபடி. யோசனை என்னுடையதுதான். ஜாலிக்கு என்று சொன்னேன். பொய். எனக்கு ஜெயிக்க வேண்டும். எட்டு மாசமாகப் போன இடமெல்லாம் வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நாலு பேர் எதிரில், ஒரு மண் தரையில், ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போக வேண்டும். நாற்பத்திரண்டு வயசில் ஒருத்திக்கு வரக்கூடிய ஆசையா இது என்றால், வந்தது, என்ன செய்ய?

பக்கத்துக்கு ஆறு பேர். துப்பட்டாவை இடுப்பில் கட்டி, தாலிச் செயினை உள்ளே தள்ளி, மூக்குக் கண்ணாடியை வேடிக்கை பார்க்க நின்ற ஆண்களிடம் கொடுத்துவிட்டு இறங்கினோம். ஷமீமா தலைத் துணியை நாலு பின் போட்டு இறுக்கியிருந்தாள். "செல்வி, ஆஸ்பத்திரி செலவு உன்னுது, சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம். சார் கோட்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார். இரண்டு விசில். கிளம்பியது ஆட்டம்.

பார்த்தவர்களைக் கேட்டால் அது கபடி இல்லை என்பார்கள். பாடிக்கொண்டு போனவள் பாதியில் இருமினாள். பிடிக்கப் போனவள் "அம்மாடி இடுப்பு" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நான் விளையாடினேன். முழு மூச்சாக, பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினேன். நாங்கள் முன்னால் போனால் சார் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் கண்டுபிடித்தார். அவர்கள் முன்னால் போனால் எங்களுக்குக் கண்டுபிடித்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஆள் நடக்காததைக்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பதினொன்று, பதினொன்று. எல்லோரும் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனார்கள். வழக்கம்போல டிரா.

சார் விசிலை வாயில் வைத்தவர், ஊதாமல் எடுத்தார். "இன்னும் ஒரே ஒரு ரைடு. செல்வி போவட்டும்" என்றார்.

யாருக்கும் நம்ப முடியவில்லை. சமத்தில் முடிந்த ஆட்டத்தை அந்த ஆள் மேலே நீட்டியதே கிடையாது. நான் யோசிக்கவில்லை, மூச்சை இழுத்துக்கொண்டு போனேன். கபடி கபடி கபடி. ஒருத்தியின் தோளைத் தொட்டேன். திரும்புவதற்குள் ஷமீமா பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். சின்ன வயசுப் பிடி, இரும்புக் கடைப் பிடி. குப்புற விழுந்தேன். இன்னும் இரண்டு பேர் மேலே வந்து விழுந்தார்கள். கையை நீட்டினேன். கோடு ஒரு முழம் தள்ளி இருந்தது. மூச்சு விட்டுப் போயிற்று. பாட்டு நின்று போயிற்று. வாயில் மண். நான் அவுட். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவுட்.

விசில். "கோட்டத் தொட்டாச்சு! பிடிச்ச மூணு பேரும் அவுட்டு! செல்வி டீமு ஜெயிச்சிடுச்சு!"

மைதானமே கத்தியது. "போங்கு! போங்கு சார்!" ஷமீமா என் காலை விடாமலே கூச்சல் போட்டாள்: "சார், காலு என் கையில இருக்குது சார்! கோடு எங்க, இவ எங்க! கண்ணாடியக் கயட்டிட்டுப் பாருங்க சார்!" சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் கோட்டைப் பார்க்கவில்லை, ஷமீமாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சார், நான் அவுட்டு சார்" என்றேன்.

"நான் பாத்தேன்மா. தொட்டுட்டே" என்றார். மெதுவாக, பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு இடம் காட்டுகிற குரலில்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆள் யாரையும் ஜெயிக்க விட்டதில்லை. தோற்கிற பக்கம் பார்த்துத்தான் கை கொடுப்பார், அதுவும் சமமாகும்வரைதான். இன்றைக்குச் சமமாகத்தான் இருந்தது. சமமாக இருந்தும் எனக்கு அது போதாது என்று முடிவு செய்திருக்கிறார். நேற்று வேப்பமரத்தடியில் நான் சொன்ன ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவமானமாக இருந்தது. எட்டு மாசமாக வராத அழுகை, அந்த மண்ணில், மூன்று பெண்களுக்கு அடியில், பொத்துக்கொண்டு வந்தது.

மேலே கிடந்த இரண்டு பேரும் எழுந்து சாரிடம் சண்டைக்குப் போனார்கள். என் டீம்காரிகள் ஒரு பக்கம் குதித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கேம்ப் ஆரம்பித்த நாள் முதல் யாருக்கும் கிடைக்காத வெற்றி இல்லையா. "செல்வி, எழுந்து வாடி, போட்டோ எடுக்கலாம்" என்று குரல் கேட்டது. ஷமீமா இன்னும் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, சுளுக்கிடுச்சா? ஜெயிச்சிட்டு ஏன்டி அழுவுற?"

"எனக்கு வேல போயிடுச்சு ஷமீ" என்றேன். "எட்டு மாசம் ஆவுது. நைனாவுக்குத் தெரியாது."

அவள் என் காலை விட்டாள். மருந்துப் பையை எடுத்துவரக் குரல் கொடுக்கவில்லை, போட்டோவுக்கு வருகிறோம் என்றும் சொல்லவில்லை. தலைத் துணியின் நுனியால் என் வாயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு" என்றாள்.